சம்பந்தி வந்தால் எழுந்திருக்க வேண்டும்

பெண்ணைக் கொடுத்தவர், பையனைப் பெற்றவரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். எந்த அரசாணையிலும் இது கிடையாது. அதனால்தான் இன்றுவரை ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறது.

எழுந்து நிற்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை தாசில்தாராக வெளியே வந்தவன் நான். தாசில்தார் வந்தால் எழுந்திருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. வந்தால் எழுந்து, அவர் உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். கலெக்டர் வந்தால், அவர் உட்காரச் சொன்னாலும் நிற்க வேண்டும். என் மகனைவிட இளைய, மீசை சரியாக முளைக்காத பயிற்சி அதிகாரிகளுக்கெல்லாம் நாள் முழுக்க எழுந்து எழுந்து நின்றிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, கையில் தேங்காயைக் கொடுத்து, என்னைப் பற்றி நான்கு பேர் பொய் சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் ஒன்றைத்தான் நினைத்தேன்: இனி எவனுக்கும் எழுந்திருக்க வேண்டாம்.

அந்தத் தீர்மானத்தைச் சில வருடங்கள் வழுவாமல் கடைப்பிடித்தேன்.

மாரடைப்பு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓய்வூதியர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில். அங்கே ஏதோ ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தவரே வழிமொழியவும் செய்தார். அது செல்லாது என்று சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் உரல் வைத்தது போல இருந்தது. நெஞ்சைப் பிடித்தேன். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று கைதட்டினார்கள். நான் சரிந்து விழுந்த பிறகும் பின்வரிசையில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டதாகவும் சொன்னார்கள்.

மதுரையில் ஆஸ்பத்திரி. அங்கிருந்து நேரே ராஜபாளையத்தில் மகன் வீடு. மகன் அங்கே ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளன். என் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். இனித் தனியாக இருக்க முடியாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். எல்லோரும் என்பதில் நான் சேர்த்தியில்லை.

நான் வந்த அதே மாதம் மருமகளின் அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டிக்காரர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரில் கொஞ்சம் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் மடை மாற்றும்போது அவருக்கு வலி வந்திருக்கிறது. அவருக்கும் மனைவி இல்லை. மகன்கள் இரண்டு பேரும் ராணுவத்தில், எங்கோ வடக்கே. ஆக, ஒரே கூடத்தில் இரண்டு இதய நோயாளிகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண். அவளுக்கு ஒருவர் மாமா, ஒருவர் அப்பா.

கூடத்தில் எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி. கித்தான் துணி போட்டு, நன்றாகப் பள்ளம் விழுந்தது. உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு நேரே வரும். பையனைப் பெற்றவனுக்கு உரிய ஆசனம். சம்பந்திக்குக் கை இல்லாத இரும்பு மடக்கு நாற்காலி. கல்யாணப் பந்தலில் அடுக்குகிற வகை. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் கிறீச் என்று ஊருக்குச் சொல்லும். சுகமான நாற்காலியில் அவரை உட்காரச் சொல்லி மகள் ஒரு முறை கேட்டாள். அவர் காதில் விரலை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, மகள் வீட்டுல தண்ணி குடிக்கதே கேவலம். சம்மந்தி இருக்கிற வீட்டுல சாஞ்சு வேற உக்காரச் சொல்லுதியா?"

அவருக்கு அங்கே இருப்பது உடம்பெல்லாம் கூசியது. எப்போது ஊருக்குப் போவோம் என்று தவித்தார். தவிப்பில் நான் அவருக்குக் குறைந்தவனில்லை.

ஏனென்றால் அந்த வீட்டில் என்னை அன்பால் அடித்தார்கள். நாற்காலியிலிருந்து நானாக எழ முயன்றால் மருமகள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவருவாள். "மாமா, எந்திரிக்காதீக! என்ன வேணும்னு கேட்டா நான் கொண்டாரேன்ல!" அப்படியும் எழுந்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், அவள் பிடித்துக் கிணற்று வாளியை இழுப்பது போல இழுத்து நிறுத்துவாள். விருந்தாளிகள் இருக்கும்போது, "மாமா, காலையில வெளிக்குப் போனீகளா?" என்று கேட்பாள். போனேன் என்றால் அவர்களுக்கும் ஒரு நிம்மதி.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்து வந்து குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினான்.

"என்னடா செய்யுத?"

"உள்ள விழுந்துட்டா கதவை ஒடைக்கணும்பா. புதுக்கதவு."

அவன் கவலை எனக்குப் புரிந்தது. தேக்கு.

அன்றிலிருந்து நான் குளிக்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றினேன். சர்க்காரில் எத்தனையோ அவமானங்கள் பட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் வேட்டியோடுதான் பட்டிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் குளியலறைக்கு நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு நான் பலபேரிடம் பல காரணங்கள் சொன்னேன். உண்மையான காரணம் அந்தத் தாழ்ப்பாள்தான்.

மகனிடம் கேட்டேன்.

"என்னைய எப்ப ஊருக்கு அனுப்புவ?"

"தனியாப் போய் விழுந்து கெடந்தா எவன் பாக்க?"

"விழமாட்டேன்."

ஆலையில் ஓர் இயந்திரத்தைப் பழுது பார்த்தால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேலைக்கு விடுவார்கள். அந்தப் புத்தி அவனுக்கு.

"ஒண்ணு செய்வோம். நீங்களா பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வீட்டைத் தொறந்து பாத்துட்டு, நீங்களா பஸ் ஏறித் திரும்பி வாங்க. ஒருத்தன் கையும் ஒங்க மேல படக் கூடாது. பொறவு அங்கயே இருங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது. "மாப்ள, அந்த ரூல் எனக்கும் உண்டுமா?"

"ஒங்களுக்கும் அதான் மாமா."

பந்தயம் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பதற்றப்படவில்லை. மதுரை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், நான் விதி மீறாமல் நடந்தேன். கூடம், வராந்தா, வாசல், தெருமுனை, திரும்பவும் கூடம். சம்பந்தி சோம்பேறி. நான்கு எட்டு நடப்பார், மகள் வீட்டு வாசலில் நாலுபேர் பார்க்கிறார்களே என்று திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

இந்த நிலையில் ஒருநாள் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். தெருமுனைக் கடை. கத்தரிக்கோல் என் காதுக்குப் பக்கத்தில் வந்தபோது கடைக்காரர் கேட்டார்:

"தாப்பா இல்லாமக் குளிக்கது காத்தோட்டமா இருக்குமே அய்யா?"

எனக்கு முன்னால் அங்கே முடி வெட்டிக்கொண்டு போனவர் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காத்திருந்த இரண்டு பேர் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். போலீஸ்காரனுக்கு ஓய்வு கொடுக்கலாம். அவன் வாய்க்குக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தேன். நான் கூடத்துக்குள் நுழைந்ததும் சம்பந்தி முறைப்படி எழுந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பல்லைக் கடித்து, முனகி, பாதி எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மிச்சத்தையும் எழுந்தார். நெற்றியில் வேர்வை. அதுவரை அதை நான் பார்த்திருந்தும் கவனிக்கவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க" என்றேன். அதை எந்தக் குரலில் சொன்னால் எதிராளி உட்காரத் தயங்குவான் என்று எனக்குப் பெரிய பெரிய அதிகாரிகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் உட்கார்ந்தார். நான் வராந்தாவுக்குப் போனேன். "மூக்குக் கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேன் போல" என்று சொல்லிக்கொண்டு திரும்ப வந்தேன். அவர் எழுந்தார்.

நடைமுறை தெரிந்தவனுக்குத்தான் ஒருவனை நடைமுறையாலேயே கொல்லத் தெரியும். நான் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணாடி எடுக்க வந்தேன். பேப்பர் எடுக்க வந்தேன். காலண்டரில் என்ன கிழமை என்று பார்க்க வந்தேன். பார்த்துவிட்டுப் போனவன், திதி பார்க்க மறந்துவிட்டதால் திரும்ப வந்தேன். ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலி கிறீச்சிட்டது. கிறீச் சத்தம் கேட்க எனக்கு இனிமையாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயரும் நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வருவேன். தூக்கத்திலேயே எழுந்துவிடுவார், போலீஸ் பயிற்சி. அவர் நெஞ்சைப் பிடித்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவர் பிடிக்கவில்லை.

வாரங்கள் போயின. ஒரு மாறுதலைக் கண்டேன். முதலில் அவர் முழங்காலில் கை ஊன்றுவதை நிறுத்தினார். பிறகு முனகுவதை நிறுத்தினார். அதன் பிறகு நான் நிலைப்படியைத் தாண்டும் முன்பே நின்றுகொண்டிருந்தார். ஒருமுறை கையில் தளும்பத் தளும்பக் காபியோடு உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் ஒரு சொட்டுச் சிந்தாமல் சடக்கென்று எழுந்தார். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. மரியாதை கூடிவிட்டது என்று நினைத்தேன். அது என் தொழில் புத்தி. ஒருவன் வேகமாக எழுந்தால் அவன் பயப்படுகிறான் என்றுதான் தாலுகா ஆபீஸில் பொருள்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே இருவரையும் மகன் டாக்டரிடம் கூட்டிப் போனான். ராஜபாளையத்திலேயே ஒரு டாக்டர்; சின்ன வயது, சிரித்த முகம். ஈ.சி.ஜி. பார்த்தார். குழாய் வைத்துப் பார்த்தார். இருவர் நெஞ்சும் பரவாயில்லை என்றார். பிறகு கை இல்லாத ஒரு முக்காலியைக் காட்டி, "ரெண்டு கையையும் மார்ல கட்டிக்கிட்டு உக்காந்து எந்திரிங்க, பாப்போம்" என்றார்.

சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தார். அவருக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தே இருந்தேன். எழ வேண்டும் என்ற உத்தரவு மேலிருந்து புறப்பட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இடுப்போடு நின்றுவிட்டது. முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன். பழக்கதோஷத்தில் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்து மருமகளைத் தேடி நீண்டன. மகன் வேறு பக்கம் பார்த்தான்.

டாக்டர் வந்து என் வேட்டியோடு சேர்த்துத் தொடையைப் பிடித்துப் பார்த்தார், சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பது போல. சதை அவர் விரலுக்குள் தொளதொளவென்று வந்தது.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. தொடைதான் செத்துப்போச்சு" என்றார்.

"தினமும் நடக்கிறேனே!"

"நடக்கிறது நல்லதுதான். இதயத்துக்கும் மூச்சுக்கும் ஆச்சு. படி ஏற, ஒக்காந்து எந்திரிக்க, விழாம நிக்க, தொடையில பலம் வேணும். படுக்கையிலயும் சாய்வு நாற்காலியிலயும் அது போயிரும். வயசானா சீக்கிரமாப் போயிரும். இன்னொருத்தர் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டா இன்னும் சீக்கிரம்." பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பயிற்சி செஞ்சீங்க பெரியவரே?"

"நான் என்னத்த செஞ்சேன்? ஒண்ணும் இல்லீங்க. சம்மந்தி உள்ள வருவாக, எந்திரிப்பேன். வெளிய போவாக, உக்காருவேன். மறுபடி வருவாக, எந்திரிப்பேன். பாவம், அவியளுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. கண்ணாடியை வச்சுட்டுப் போயிருவாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. அந்த வயதில் யாருக்கும் தெரியாது. சம்பந்தியிடம் சொன்னார்:

"ஒங்க சம்மந்தி ஒங்களுக்கு ஃபீஸ் இல்லாம வைத்தியம் பாத்திருக்காரு. அவருக்குத்தான் பாக்க ஆள் இல்லை போல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பயிற்சி அதிகாரிகளின் முகங்கள் ஞாபகம் வந்தன. சர்க்கார் எனக்குச் சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை, கூடவே தொடையையும் கொடுத்திருக்கிறது. ஓய்வூதியத்தில் அதைச் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் பந்தயத்தை நடத்தினான் மகன். ராஜபாளையம் பஸ் நிலையம். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்புப் பக்கம் போகிற பஸ். இருவருக்கும் ஒரே பஸ்தான். சம்பந்தி மஞ்சள் பையைத் தோளில் மாட்டினார், கம்பியைப் பிடித்தார், ஏறினார். ஏறியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் சன்னலோரமாக உட்கார்ந்தார்.

அந்தக் காலத்து பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. அதைக் கட்டியவனுக்கு வயதானவர்கள் மேல் ஏதோ பகை. நான் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். மறு கால் தரையிலேயே நின்றது. அரசு ஊழியரின் கால் அது. மேலிடத்து உத்தரவு வந்தும் நகரவில்லை. வைத்த காலை இறக்கினேன். மற்றக் காலை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதே துறையைச் சேர்ந்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்ன பெருசு, ஏறுதீரா, படியைக் கும்பிட்டுட்டுப் போவ வந்தீரா?"

"ஏறுதேன், ஏறுதேன்."

"ஏலே, பின்னால நிக்கவனெல்லாம் முன்வாசல்ல ஏறுங்கலே. பெருசு சூடம் காட்டி முடிக்க நேரமாவும்."

பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் இரக்கப்பட்டு என் இடுப்புக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து, மூட்டையைத் தள்ளுவது போல ஒரு தள்ளு தள்ளினான். "கை படக் கூடாது!" என்று கத்தினேன். அவன் பயந்து கைகளை எடுத்துவிட்டான். இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அப்போதுதான் சன்னலில் சம்பந்தியைப் பார்த்தேன். கீழே நான் நிற்கிறேன் என்பதால், ஓடுகிற பஸ்ஸுக்குள், முன்கம்பியைக்கூடப் பிடிக்காமல், அவர் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் கூப்பினார். பஸ் திருப்பத்தில் திரும்பி மறைகிறவரை அப்படியே நின்றார். அதைவிட மரியாதையாக ஒருவனைச் செருப்பால் அடிக்க முடியாது.

மகன் என் தோளைத் தொட்டான். "பாத்தீகளாப்பா. வீட்டுக்குப் போவோம்." ஆட்டோவில் வரும்போது சாதாரணமாகச் சொன்னான்: "ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை ஒரு வாத்தியார் வாடகைக்குக் கேக்காரு. தை பொறந்து குடிவாராராம். சும்மா பூட்டிக் கெடந்தா கரையான்தான் அரிக்கும்."

எதிர்த்துப் பேச எனக்குக் கால் இல்லை.

மறுநாள் சாய்வு நாற்காலியை மடக்கிச் சுவரோரமாகச் சாத்தினேன். சம்பந்தி முந்தின நாள் மாலையே தானாக பஸ் ஏறித் திரும்பி வந்து காட்டிவிட்டு, விடிந்ததும் ஊரோடு போயிருந்தார்; அவர் விட்டுப்போன இரும்பு நாற்காலியை எடுத்துப் போட்டேன். மருமகள் பதறினாள். "மாமா, அதுல எதுக்கு உக்காருதீக? பாக்கறவுக என்ன சொல்லுவாக?" இனி என் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவள் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்தாள். செய்ததுதான், ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்த தப்பை எந்த விதியில் சேர்ப்பது?

முழங்காலில் கையை ஊன்றி எழப் பார்த்தேன். முதல் நாளில் நாற்காலிதான் கிறீச்சிட்டது, நான் எழவில்லை. காரணமில்லாமல் எழுவது என்னால் முடியவில்லை. வாழ்நாள் முழுக்க யாராவது உள்ளே வந்தால்தான் எழுந்திருக்கிறேன். உடம்புக்கு அதுதான் பழக்கம். ஆனால் அந்த வீட்டில் எனக்கு மேலே யார்?

அந்த வாரக் கடைசியில் சம்பந்தி மாத்திரை வாங்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் நிலைப்படியில் கால் வைத்ததும் நான் கையை ஊன்றினேன், பல்லைக் கடித்தேன், முனகினேன், பாதி எழுந்தேன், நின்றேன், மிச்சத்தையும் எழுந்தேன்.

பையனைப் பெற்றவன், பெண்ணைக் கொடுத்தவருக்கு எழுந்து நின்றேன்.

மருமகள் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். "மாமா, எங்கப்பாவக் கேலி பண்ணுதீகளா?" என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்பந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தொடைகளைப் பார்த்தார். அவை வேட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆயுசில் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவர். புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"உக்காருங்க சம்மந்தி, உக்காருங்க" என்றார். என் குரலிலேயே சொன்னார்.

உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அடடா, மூக்குக் கண்ணாடியை வராந்தாவுல வச்சுட்டேன் போல." வெளியே போனார். திரும்ப வந்தார். நான் எழுந்தேன். "பேப்பர் வந்துட்டாம்மா?" வெளியே போனார். வந்தார். எழுந்தேன். "இன்னைக்கு என்ன கிழமை? காலண்டரைப் பாப்போம்." பார்த்தார். "கிழமையைப் பாத்தேன், திதியைப் பாக்க விட்டுட்டேன் பாருங்க." போனார், வந்தார்.

எல்லாம் என்னுடைய காரணங்கள். வரிசைகூட மாறவில்லை. முதல் நாளிலிருந்தே அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வேர்வை கழுத்து வழியாகப் பனியனுக்குள் இறங்கியது. "போதும் சம்மந்தி" என்றேன்.

"அப்படியா? நீங்க எனக்குப் போதும்னு சொன்னீகளா?"

பிறகு வாராவாரம் வந்தார். புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி, எதையோ வாங்க வந்தது போல வந்து, சாயங்காலம்வரை வராந்தாவுக்கும் கூடத்துக்கும் நடந்தார். நான் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் தொண்டையைச் செருமினார். நெஞ்சைப் பிடித்தால் நிறுத்தியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கவில்லை. அவர் வராத நாட்களில் நான் எல்லோருக்கும் எழுந்தேன். மருமகளுக்கு எழுந்தேன், முதலில் அழுதாள், அப்புறம் பழகிவிட்டாள். தபால்காரருக்கு எழுந்தேன். பால்காரருக்கு எழுந்தேன்; அவர் மிரண்டுபோய்ப் பாலில் தண்ணீரைக் குறைத்துவிட்டார். அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரரின் வெள்ளை நாய் வாசலில் எட்டிப் பார்த்தால் அதற்கும் எழுந்தேன். பயிற்சி அதிகாரிகளைவிட அது தோரணையாக இருக்கும். அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டதா என்று மகன் டாக்டரிடம் கேட்டிருக்கிறான். அப்படியே கலங்கட்டும், விட்டுவிடுங்கள் என்றாராம் டாக்டர்.

மார்கழி பாதி போயிருந்தபோது, மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அதே பஸ், அதே கண்டக்டர்.

"என்ன பெருசு, சூடம் கொண்டாரலையா?"

பதில் சொல்லி மூச்சை வீணாக்கவில்லை. கம்பியைப் பிடித்தேன். ஒரு காலைத் தூக்கி வைத்தேன். தரையில் நின்ற கால் கொஞ்சம் யோசித்தது. பிறகு மேலே வந்து சேர்ந்தது. கண்டக்டருக்கு ஏமாற்றம் என்பது முகத்தில் தெரிந்தது. மகன் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓட்டிப் பார்த்த இயந்திரம் ஓடுகிறது, அவ்வளவுதான். சந்தோஷப்பட்டானா என்று கேட்காதீர்கள். வாத்தியாருக்கு வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினான். அவன் வாக்கு மாறாதவன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வீட்டைத் திறந்தேன். ஒட்டடை, எலிப்புழுக்கை, பூட்டிய வீட்டின் வாடை. எதையும் தொடவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனேன். குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கைகளாலும் தள்ளிப் போட்டேன். செய்யவேண்டிய காரியம் எதுவும் உள்ளே இல்லை. ஆனாலும் செத்த நேரம் உள்ளேயே நின்றேன். பிறகு திறந்து வந்து, பஸ் ஏறி, மகன் வீட்டுக்குத் திரும்பினேன். பொங்கலுக்கு முன்பு ஊரோடு வந்துவிட்டேன். வரும்போது அந்த இரும்பு நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சித்திரையில் சம்பந்தி பார்க்க வந்தார். நான் என் வீட்டில், என் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நிலைப்படியில் அவர் நின்றார். நான் எழவில்லை. எனக்கு இனி அவர் தேவையில்லை. பையனைப் பெற்றவன் நான். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். புரிந்துகொண்டு, முறைப்படி நின்றார். நானும் முறைப்படி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றேன்.

இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்காலில் கை ஊன்றினார்.

"ஊர்ல எப்படி?"

"பங்காளி வீட்டுப் பயலுக ராசா மாதிரி வச்சிருக்காங்கெ, சம்மந்தி. தோட்டத்துப் பக்கம் போவ விடமாட்டேங்காங்கெ. நான் போனா ஊரே எந்திரிச்சு நிக்குது. அதுக்கென்ன, கயித்துக் கட்டில்ல கெடக்கேன்."

வேட்டி அவர் தொடையில் துவண்டு கிடந்தது. வாசல் ஏறும்போது சுவரைப் பிடித்ததையும் பார்த்திருந்தேன். போலீஸ்காரர் எழுந்து நிற்க வேண்டிய ஆள் புதுப்பட்டியில் யாருமில்லை.

நான் கையை ஊன்றாமல் எழுந்தேன். அவர் பார்க்க வேண்டும் என்றே மெதுவாக எழுந்தேன்.

"இருங்க சம்மந்தி. இன்னைக்கு என்ன கிழமைன்னு பாத்துட்டு வாரேன்" என்று உள்ளறைக்குப் போனேன்.

"சண்டாளா" என்றார் அவர், எனக்குக் கேட்கும்படியாகவே.

காலண்டரைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.